நியூசிலாந்தில் வாடகைக் கார்: வாடகை 34,100 ரூபாய், பொறுப்பு 2,25,000 ரூபாயா?

வேளச்சேரி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதப் பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும், ஒன்பது வயது மகளையும் ஐந்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குச் செல்லவிருக்கிறோம். கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் காரை எடுத்து, டெகாப்போ ஏரி, வனாகா வழியாகக் குயின்ஸ்டவுன் சென்று, அங்கிருந்து ஒரு நாள் மில்ஃபோர்டு சவுண்டு என்ற மலைசூழ்ந்த கடற்கழிக்குப் போய்வந்து, குயின்ஸ்டவுனிலேயே காரை ஒப்படைத்துவிடலாம் என்பது திட்டம். மொத்தம் பதினொரு நாள். அங்கும் நம்மைப் போல் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பதாலும், தினமும் காலையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓட்டிப் பழகியவன் என்பதாலும், ஓட்டுவதைப் பற்றி எனக்கு அச்சமில்லை. கட்டண விவரத்தைப் படித்த பிறகுதான் அச்சம் வந்தது.

ஒரு நியூசிலாந்து டாலரைத் தோராயமாக ஐம்பது ரூபாய் என்று கொண்டு கணக்கிட்டிருக்கிறேன். நடுத்தர அளவுள்ள காருக்கு நாள் வாடகை 62 டாலர். பதினொரு நாளுக்கு 682 டாலர், அதாவது 34,100 ரூபாய். இதில் காப்பீடு அடக்கம் என்றே போட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே எக்ஸஸ் (சேதம் நேர்ந்தால் நாம் ஏற்க வேண்டிய தொகை) 4,500 டாலர் என்றும், காரை எடுக்கும்போது அந்தத் தொகை கிரெடிட் கார்டில் பிடித்து வைக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறது. அது 2,25,000 ரூபாய். எக்ஸஸே இல்லாமல் வேண்டுமானால் நாளொன்றுக்கு 36 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டுமாம். பதினொரு நாளுக்கு 396 டாலர், 19,800 ரூபாய். அப்போது கார்டில் 200 டாலர் மட்டுமே பிடித்து வைப்பார்கள். இதற்கிடையில், நான் முன்பதிவு செய்யப் புகுந்த விலை ஒப்பீட்டுத் தளம் 'முழுப் பாதுகாப்பு' என்ற பெயரில் நாளொன்றுக்கு வெறும் 12 டாலருக்கு ஒரு திட்டத்தை நீட்டுகிறது.

காப்பீடு ஏற்கெனவே அடக்கம் என்றால் இந்த 4,500 டாலர் எதற்கு? 12 டாலருக்குக் கிடைப்பதை 36 டாலர் கொடுத்து ஏன் ஒருவர் வாங்க வேண்டும்? இங்கே என் சொந்தக் காருக்குப் பம்பர் டு பம்பர் பாலிசி வைத்திருக்கிறேன், பயணக் காப்பீடும் எடுக்கப் போகிறேன். இவற்றில் ஏதாவது அங்கே கை கொடுக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர், மாம்பலம் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். விபத்துக்குள்ளான வாகனங்களின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மகள் ஆக்லாந்தில் இருப்பதால் அந்த நாட்டில் மூன்று முறை வாடகைக் கார் எடுத்தும் ஓட்டியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸஸ் என்பது உங்களுக்குப் புதிதல்ல. நீங்கள் அதைக் கவனித்ததில்லை, அவ்வளவே. உங்கள் சொந்தக் காரின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 'கம்பல்சரி டிடக்டிபிள்' என்று ஒரு வரி இருக்கும். 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய். ஒவ்வொரு க்ளெய்மிலும் அந்தத் தொகை உங்கள் கையிலிருந்து போன பிறகுதான் காப்பீட்டு நிறுவனம் தன் பங்கைத் தருகிறது. அங்கே அதே வரியில் 4,500 டாலர் என்று எழுதியிருக்கிறது. ஆகவே 'காப்பீடு அடக்கம்' என்பதில் பொய்யில்லை. சேதம் 4,500 டாலரைத் தாண்டினால் தாண்டிய பகுதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; அந்த எல்லைக்குள் அடங்கினால் முழுவதும் உங்கள் தலையில் விழும். சுற்றுலா வந்தவர்களுக்கு நேர்வது தூணில் உரசிய பம்பர், சரளைக் கல் தெறித்து விரிசல் விட்ட முன்கண்ணாடி, பின்னால் எடுக்கும்போது நசுங்கிய கதவு போன்றவைதான் என்பதை எண்ணிப் பார்த்தால், அடக்கமாகக் கொடுத்த காப்பீடு யாருக்கு அதிகம் பயன்படுகிறது என்பது புரியும்.

அடுத்தது இதைவிட முக்கியமானது. வாடகை நிறுவனம் விற்கும் 'சேத விலக்கு' பெரும்பாலும் சட்டப்படி காப்பீடே அல்ல. கார் நிறுவனத்துக்குச் சொந்தமானது. நீங்கள் அதைச் சேதப்படுத்தினால் உங்களிடம் பணம் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. அந்த உரிமையை இன்ன தொகைக்கு மேல் பயன்படுத்த மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பதுதான் விலக்கு. ஒப்பந்தத்தினால் கிடைத்தது ஒப்பந்தத்தை மீறினால் போய்விடும். பெயர் பதியாத ஒருவர் ஓட்டினாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும், போகக் கூடாது என்று குறிப்பிட்ட சாலையில் போனாலும், 36 டாலர் கட்டி எக்ஸஸைப் பூஜ்ஜியமாக்கியவரும் முழுச் சேதத்துக்குப் பொறுப்பாவார். குயின்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் ஸ்கிப்பர்ஸ் சாலை என்று ஒரு மலைப்பாதை உண்டு. அதுவும், வடக்குத் தீவின் தொண்ணூறு மைல் கடற்கரையும் வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமாகத் தடை செய்யப்படும் இடங்கள். பெட்ரோல் காருக்கு டீசல் போடுவது, சாவியைத் தொலைப்பது, காரின் அடிப்பாகச் சேதம், கூரைச் சேதம், ஓடைத் தண்ணீரில் இறக்கியதால் வரும் சேதம் ஆகியவையும் பல ஒப்பந்தங்களில் விலக்குக்கு வெளியேதான் இருக்கும்.

இதை ஒரு சென்னைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, முழுக் காப்பீடு இருக்கிறதே என்ற துணிச்சலில் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள், இஞ்சின் பழுதுக்கு க்ளெய்ம் இல்லை என்ற பதிலைக் கேட்டு என் முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்த காட்சி இன்னும் நினைவிருக்கிறது. இஞ்சினுக்குத் தனி ஆட்-ஆன் உண்டு என்பதே அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. இன்று மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிறவர்கள் உங்கள் பகுதிக்காரர்கள். அந்த முன்யோசனையை அப்படியே வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளின் மேல் திருப்புங்கள்.

உங்கள் பம்பர் டு பம்பர் பாலிசி அங்கே உதவாது. நம் நாட்டு மோட்டார் பாலிசி வாகனத்தோடு ஒட்டியது. அதன் உரிமையாளர் வேறு நாட்டில் வேறு காரை ஓட்டும்போது கூடவே வருவதில்லை. கூடுதல் ப்ரீமியம் கட்டி எல்லையை நீட்டிக்கொள்ளலாம் என்றாலும், அது வங்கதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய அண்டை நாடுகளோடு நின்றுவிடும். அதுவும் உங்கள் சொந்தக் கார் அங்கே போனால்தான். பயணக் காப்பீட்டைப் பொறுத்தவரை, 'வாடகைக் கார் எக்ஸஸ்' என்று தனியாக ஒரு பயன் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும், அதன் உச்சவரம்பு என்ன என்றும் பாருங்கள். 'தனிநபர் பொறுப்பு' என்று ஒரு பகுதி இருக்கும். அதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள், மோட்டார் வாகனம் ஓட்டுவதால் எழும் பொறுப்பை அது வழக்கமாகவே ஒதுக்கிவிடும்.

எதிராளிக்கு ஏற்படும் சேதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இங்கே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தர்ட் பார்ட்டி காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நியூசிலாந்தில் அது கட்டாயமே இல்லை என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. காரணம் இதுதான்: 1974 முதல் அங்கே ஏ.சி.சி என்ற அரசு அமைப்பு, தவறு யாருடையது என்று பாராமல், விபத்தில் காயமடைந்தவரின் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை ஏற்று வருகிறது. சுற்றுலாப் பயணியும் அதில் அடங்குவார். அதற்கு ஈடாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு ஒருவர் மேல் ஒருவர் வழக்குத் தொடுக்க முடியாது. அமெரிக்காவில் கார் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எதிராளியின் காயத்துக்கான காப்பீடு எத்தனை டாலர் வரை என்பதைத்தான். நியூசிலாந்தில் அந்தக் கவலை பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் மோதிய காருக்கும் இடித்துத் தள்ளிய வேலிக்கும் ஏ.சி.சி பணம் தராது. ஆகவே ஒப்பந்தத்தில் பிறர் சொத்துச் சேதத்துக்கான பொறுப்பு அடக்கமா, அதற்கும் அதே எக்ஸஸ்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏ.சி.சி இருக்கிறதே என்று பயணக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். காய்ச்சலுக்கும், ரத்தான விமான டிக்கெட்டுக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் அது பொறுப்பல்ல.

அண்ணா நகர் பயணி எழுதியது:

12 டாலர் திட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அத்தகைய ஒன்றை வாங்கி, அதில் க்ளெய்மும் செய்தவள் நான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஸ்காட்லாந்தில் கார் எடுத்தபோது நாங்களும் ஒப்பீட்டுத் தளத்தின் மலிவான திட்டத்தையே எடுத்தோம். கவுண்டரில் இருந்த பெண் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்களுடையது அல்ல, எங்களைப் பொறுத்தவரை உங்களுக்கு எக்ஸஸ் உண்டு" என்று பணிவாகச் சொன்னார். சென்னையிலிருந்து இரவெல்லாம் பறந்து போய், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் இரண்டு குழந்தைகளோடு கவுண்டர் முன் நிற்கும்போது அந்த வாக்கியம் எவ்வளவு கலக்கத்தைத் தரும் என்று உங்களால் ஊகிக்க முடியும். என் கணவர் அங்கேயே நிறுவனத்தின் விலக்கையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்றார், நான்தான் தடுத்தேன். ஸ்கை தீவில் ஒரே ஒரு வண்டி போகும் அகலமுள்ள சாலையொன்றில் எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கியபோது பள்ளத்தில் இறங்கி, டயர் கிழிந்து, அலாய் வீலும் வளைந்துவிட்டது. டயரும் சக்கரமும் கண்ணாடியும் அடிப்படை விலக்கில் சேராது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். காரை ஒப்படைத்த மூன்றாம் நாள், பழுதுச் செலவாகவும் நிர்வாகக் கட்டணமாகவும் 640 பவுண்டை எங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

மலிவான திட்டத்தின் இயல்பு இதுதான்: அது வாடகை நிறுவனத்தை உங்களிடமிருந்து விலக்கி நிறுத்தாது. நிறுவனம் கேட்பதை முதலில் நீங்கள் கட்ட வேண்டும். பிறகு அந்தக் காப்பீட்டாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தம், காரை எடுத்தபோதும் கொடுத்தபோதும் எழுதிய சேதக் குறிப்பு, பழுதுபார்த்த விலைப்பட்டியல், கார்டில் பணம் போனதற்கான அறிக்கை என ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விலைப்பட்டியலை அனுப்ப வாடகை நிறுவனம் நான்கு மின்னஞ்சல்கள் வரை இழுத்தடித்தது. ஏழு வாரங்களுக்குப் பிறகு பணம் வந்தது. நிர்வாகக் கட்டணமான 45 பவுண்டு மட்டும் வரவில்லை. நான் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்தார்கள். ஆனால் அந்த ஏழு வாரங்களும் பணம் என்னுடையதுதான் முடங்கிக் கிடந்தது.

இன்னொரு எச்சரிக்கை. இத்தகைய எக்ஸஸ் பாலிசிகளில் பல, பிரிட்டனிலோ ஐரோப்பிய நாடுகளிலோ வசிப்பவர்களுக்கு மட்டுமே செல்லும்; இந்தியாவில் வசிப்பவரிடமும் இணையதளம் பணத்தை வாங்கிக்கொள்ளும், க்ளெய்ம் என்று வரும்போதுதான் வசிப்பிடத்தைக் கேட்கும். வாங்குவதற்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். காரை எடுக்கும்போது சுற்றிவர வீடியோ எடுங்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் சேர்ப்பது, நான்கு சக்கரங்களையும் முன்கண்ணாடியையும் குனிந்து நெருக்கமாக எடுங்கள் என்பதுதான்.

பாரிமுனை வங்கி ஊழியர் எழுதியது:

மற்றவர்கள் சேதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் கார்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

4,500 டாலரைப் பிடித்து வைப்பது என்றால் அது செலவாகாது, ஆனால் உங்கள் கிரெடிட் வரம்பிலிருந்து அந்த அளவு குறைந்துவிடும். காரை ஒப்படைத்த பிறகும் அது விடுபடச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். வரம்பு போதாவிட்டால் கவுண்டரிலேயே கார்டு மறுக்கப்படும். அந்த நிலையில் வேறு வழியில்லாமல் அவர்கள் சொல்கிற விலக்கை அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்குவீர்கள். கார்டு முதன்மை ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் டெபாசிட்டுக்கு ஏற்க மறுக்கும் நிறுவனங்கள் நிறைய உண்டு. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் நீங்களே இயக்கி, அங்கேயுள்ள தனி உச்சவரம்பையும் உயர்த்தி வையுங்கள்.

அயல்நாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதக் கட்டணமும், அக்கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டியும் வாங்கும் கார்டு என்றால், வாடகையும் விலக்கும் சேர்ந்த 1,078 டாலருக்கு ஏறத்தாழ 2,200 ரூபாய் கூடுதலாகும். இயந்திரம் "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்டால் வேண்டாம் என்று டாலரையே தேர்ந்தெடுங்கள்; அந்த ரூபாய் விலை அவர்கள் வைத்ததாக இருக்கும்.

இறுதியாக, விலக்கைப் பற்றியும் ஒரு சொல். 19,800 ரூபாய் கட்டி எக்ஸஸை நீக்குவது கணக்குப்படி அவ்வளவு கட்டாயமல்ல. பதினொரு பயணங்களில் ஒரு முறையாவது முழு எக்ஸஸும் பறிபோனால்தான் கட்டிய பணத்துக்கு ஈடாகும். கவனமாக ஓட்டுகிறவர் அந்த இடரைத் தானே தாங்கிக்கொள்ளலாம். நான் மலேசியாவிலும் தாய்லாந்திலும் அப்படித்தான் எடுத்திருக்கிறேன்.

வேளச்சேரி வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வங்கி நண்பரின் பதிலைப் படித்தவுடன் என் கார்டைப் பார்த்தேன். வரம்பு 2,00,000 ரூபாய். அதாவது அடிப்படைத் திட்டத்தையோ 12 டாலர் திட்டத்தையோ நம்பிப் போயிருந்தால், கிறைஸ்ட்சர்ச் கவுண்டரில் கார்டு மறுக்கப்பட்டிருக்கும். இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஐயாவிடம் இன்னும் சில ஐயங்கள். மனைவியும் ஓட்டுவதாக இருக்கிறார். கூடுதல் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 5 டாலர் கேட்கிறார்கள். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இல்லாமல் நம் உரிமம் செல்லுமா? அதே நிறுவனத்தில் ஒரு டீசல் எஸ்.யூ.வி, நாளொன்றுக்கு 4 டாலர் குறைவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா? மே மாத இறுதியில் மில்ஃபோர்டு சாலையில் பனி இருக்கும் என்கிறார்களே, அதற்கு ஏதாவது தனிச் செலவு உண்டா?

ஓய்வுபெற்ற சர்வேயர், மாம்பலம் எழுதியது:

முதலில் வங்கித் தம்பிக்கு. உங்கள் கணக்கு சரி. சர்வேயர்களும் அதே கணக்கில்தான் சோறு உண்டோம். தாங்கும் பணம் கையில் இருப்பவருக்கு அது பொருந்தும். ஆனால் கார்டில் இரண்டு லட்சமே வரம்புள்ள ஒருவருக்கு அந்த டெபாசிட்டே எட்டாது; வரம்பை உயர்த்தி வாங்கினாலும், பயணத்தின் முதல் நாளே அதைப் பூட்டிவிட்டு, இரண்டு குழந்தைகளோடு பதினொரு நாள் எதை வைத்துச் செலவு செய்வார்? இவருக்கு 36 டாலர்தான் என் பரிந்துரை. அதையும் கவுண்டரில் வாங்காமல் முன்பதிவின்போதே சேர்த்து, உறுதிச் சீட்டில் எக்ஸஸ் பூஜ்ஜியம் என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி ஓட்டுவதாக இருந்தால் 55 டாலரைத் தயங்காமல் கட்டுங்கள். "பத்து நிமிடம்தானே" என்று பெயர் பதியாமல் ஓட்டி, அந்தப் பத்து நிமிடத்தில் இடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டு உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அந்நாட்டுச் சட்டத்துக்கு அதுவே போதும். ஆனாலும் நிறுவனம் தன் விதியாக இன்டர்நேஷனல் பெர்மிட்டைக் கேட்கலாம். இருவருக்கும் எடுத்துவிடுங்கள், பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, உங்கள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தலைக்கு 1,000 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்குச் செல்லும். மகனுக்கு ஏழு வயது ஆகாததால் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். அதன் வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

டீசல் காரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நியூசிலாந்தில் பெட்ரோலின் விலையிலேயே சாலை வரி சேர்ந்திருக்கும்; டீசலில் அது சேர்வதில்லை என்பதால் பம்பில் டீசல் மலிவாகத் தெரியும். அந்த வரியை டீசல் வாகனங்கள் ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பத் தனியாகக் கட்டுகின்றன. வாடகை நிறுவனம் அதை, கிலோமீட்டருக்கு ஏழெட்டு சென்ட் வீதம், காரை ஒப்படைக்கும்போது உங்களிடம் வாங்கும். நீங்கள் 1,400 கிலோமீட்டர் ஓட்டினால் நூறு டாலரைத் தாண்டும். வாடகையில் மிச்சமாவதோ 44 டாலர்.

மே முதல் நவம்பர் வரை மில்ஃபோர்டு சாலையில் போகும் கார்களில், பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சக்கரச் சங்கிலி இருக்க வேண்டும். அதையும் தனி வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். சங்கிலியைத் தவறாக மாட்டியதால் காருக்கு வரும் சேதம் உங்கள் விலக்கில் அடங்குமா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கியா கிளிகளைப் பற்றியும் கேளுங்கள். நான் விளையாடவில்லை, அந்தச் சாலையிலுள்ள ஹோமர் சுரங்கத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால் அந்தப் பச்சைக் கிளிகள் கூரை மேல் உட்கார்ந்து, ஜன்னல் ரப்பரையும் வைப்பரையும் உரித்து எடுத்துவிடும். என் மகளின் கார் அப்படி மொட்டையாகத் திரும்பியது.

வேளச்சேரி வாசி எழுதியது:

நிறுவனத்திடமிருந்து நேற்றிரவு பதில் வந்துவிட்டது. பிறர் சொத்துச் சேதம் அடக்கம், அதற்கும் எக்ஸஸ் பூஜ்ஜியம். சங்கிலியால் வரும் சேதம் அடங்காது. கிளியைப் பற்றிய கேள்விக்கு மட்டும், இதற்குப் பொறுப்பான பிரிவைக் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். பெட்ரோல் காரையே 36 டாலர் விலக்கோடும் மனைவியின் பெயரோடும் முன்பதிவு செய்துவிட்டேன். மில்ஃபோர்டுக்கு மட்டும் குயின்ஸ்டவுனில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் போய்வருவதாக முடிவு. போக வர ஐந்நூற்றெண்பது கிலோமீட்டர், அதில் பனி வேறு, பழக்கமில்லாத சங்கிலி வேறு. வாழ்நாளில் சங்கிலி மாட்டிப் பார்க்காதவன் அங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டார். திங்கட்கிழமை இருவரும் ஆர்.டி.ஓ அலுவலகம் போகிறோம்.